நாலு நட்டும் பூட்டியாயிற்று, சில்லு நடுவில் இருக்கிறதா?

சென்ற தை மாதம் எமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, பள்ளி விடுமுறை முடிவதற்குள் வெலிங்ரன் குறிஞ்சிக்குமரன் கோயிலுக்குப் போய் வருவோம் என்று ஒக்லாந்திலிருந்து விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டது. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள், அப்பம்மா. புட்டும் சம்பலும் கட்டியாயிற்று. யப்பானிலிருந்து வந்த பழைய ரொயோட்டா அக்குவா கார். அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான் நாலு அலோய் றிம் வாங்கிப் பூட்டியிருந்தார்கள்.

சண்ட்றிங்காம் தெருக்களில் கார் ஒழுங்காகவே ஓடியது. தெற்கு மோட்டர்வேயில் ஏறி வேகம் 90 ஐத் தாண்டியதும் ஸ்ரியறிங் நடுங்கத் தொடங்கியது. பொம்பே குன்றில் ஏறும்போது பின் இருக்கையில் இருந்த அப்பம்மாவுக்கே அது விளங்கிவிட்டது.

"தம்பி, கார் ஏனடா இப்பிடி நடுங்குது?"

"றோட்டு சரியில்லையம்மா."

மேர்சரில் தேத்தண்ணீர் குடிக்க நிறுத்திய இடத்தில் தகப்பனுக்கு மனம் கேட்கவில்லை. குனிந்து முன் இடது சில்லின் நட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். ஒரு நட்டு கையாலேயே திரும்பியது. இன்னொன்றும் இளகி இருந்தது. அவர் உடனே எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார். எங்களில் ஒருவர், அவர்கள் வீட்டுக் கராஜில் கிடந்த பழைய இரும்புச் சில்லுகளை வானில் ஏற்றிக்கொண்டு போய் மாற்றிக் கொடுத்தார். அதே கார், அதே பாதை. திரும்பி வரும்போது நடுக்கம் துளியும் இல்லை. கோயில் பயணம் மட்டும் அன்று நடக்கவில்லை.

நட்டு இளகியதை ஐம்பது கிலோமீற்றரில் கண்டதால் இது ஒரு கதையாக முடிந்தது. இருட்டில், டெசேர்ட் றோட்டில் நடந்திருந்தால் வேறு விதமாக முடிந்திருக்கும். ஆகவேதான் இந்த இதழில், பலருக்கும் சின்ன விடயமாகத் தோன்றும் ஒன்றைப் பற்றி விரிவாக எழுதுகிறோம். எங்களில் சிலர் ஊரில் கராஜ் வேலை பார்த்தவர்கள். வேறு சிலர் இங்கே ரயர் கடைகளில் வேலை பார்ப்பவர்கள். எல்லோரும் சேர்ந்து அந்தக் காரைக் கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டதையே கீழே தருகிறோம்.

பொருந்துவதும் நடுவில் இருப்பதும்

அந்த றிம்கள் ஹொண்டா பிற் காரில் இருந்து கழற்றியவை. இதை விற்றவர் மறைக்கவும் இல்லை. "உங்கள் காருக்கும் நாலு துளை, இதற்கும் நாலு துளை, அளவும் ஒன்று" என்று சொல்லியிருக்கிறார். அது பொய்யும் அல்ல. இரண்டு கார்களிலும் நாலு துளைகளும் 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில்தான் இருக்கின்றன. போல்ற்றின் மரை அளவும் ஒன்றுதான். ஆனபடியால் சில்லு ஏறியது, நட்டும் பூட்டுப்பட்டது.

பொருந்தாமல் இருந்தவை இரண்டு.

முதலாவது நடுத்துளை. ஊரில் மாட்டு வண்டிச் சில்லின் நடுப்பகுதியைக் குடம் என்போம். காரில் அதன் இடத்தில் இருப்பதுதான் ஹப். கார்ச் சில்லைக் கழற்றினால், ஹப்பின் நடுவில் வட்டமான ஒரு விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். தொழிற்சாலையில் இருந்து வரும் றிம்மின் நடுத்துளை அந்த விளிம்பின் மேல் இறுக்கமாக, மோதிரம் விரலில் ஏறுவது போல ஏறும். சில்லை நடுவில் நிறுத்துவது அந்த விளிம்புதான். ரொயோட்டா அக்குவாவில் அந்த விளிம்பின் விட்டம் 54.1 மில்லிமீற்றர். ஹொண்டா பிற் றிம்மின் நடுத்துளையோ 56.1 மில்லிமீற்றர். இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி. அதாவது சில்லு எந்தப் பக்கமும் ஒரு மில்லிமீற்றர் வரை விலகி உட்கார இடமுண்டு. இதையே திருப்பிச் செய்திருந்தால், ரொயோட்டா றிம் ஹொண்டாவில் ஏறியே இருக்காது. ஏறாத றிம்மால் ஆபத்தில்லை, திருப்பிக் கொடுத்துவிடுவோம். ஏறிவிடும் றிம்தான் எம்மை ஏமாற்றுகிறது.

இரண்டாவது நட்டு உட்காரும் இடம். ரொயோட்டாவின் இரும்புச் சில்லுக்கு வரும் நட்டின் முனை கூம்பாக, 60 பாகைச் சரிவில் இருக்கும். ஹொண்டா தனது தொழிற்சாலை றிம்களில் நட்டு உட்காரும் குழியைக் கிண்ணம் போல, உருண்டையாகச் செய்கிறது. உருண்டைக் குழியில் கூம்பு நட்டைப் போட்டால் முழு முகமும் படியாது, ஒரு மெல்லிய கோட்டில் மாத்திரம் தொடும். பூட்டும்போது இறுகியது போலவே இருக்கும். ஓட ஓட அந்தக் கோடு நசிந்து நட்டு இளகும். மேர்சரில் கையால் திரும்பிய நட்டின் காரணம் இதுதான்.

ஒரு மில்லிமீற்றரில் என்ன வந்துவிடும்?

இந்தக் கேள்வியை அந்தத் தகப்பனும் கேட்டார். கணக்கைப் போட்டுக் காட்டினோம்.

அக்குவா போன்ற சிறிய காரின் சில்லு ஒரு சுற்றுச் சுற்றினால் கார் ஏறக்குறைய 1.9 மீற்றர் நகரும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் அது ஒரு செக்கனில் பதினான்கு தடவைக்கு மேல் சுற்றுகிறது. றிம்மும் ரயரும் சேர்ந்து 15 கிலோ என்று வைப்போம். அது நடுவில் இருந்து அரை மில்லிமீற்றர் மாத்திரம் விலகி இருந்தாலும், ஆறு கிலோ நிறையைத் தூக்கத் தேவையான விசையுடன் ஹப்பை ஒவ்வொரு சுற்றிலும் எல்லாப் பக்கமும் இழுக்கும். செக்கனுக்குப் பதினான்கு இழுவை. ஸ்ரியறிங் நடுங்காமல் என்ன செய்யும்?

அதே சில்லு 50 இல் ஓடும்போது அந்த இழுவை நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நாலு மடங்காகும் என்பது கணக்கு. ஆகையால்தான் வீட்டுக்கும் பள்ளிக்கும் கடைக்கும் ஓடும்போது ஒன்றும் தெரிவதில்லை. மோட்டர்வேயில் ஏறியதும் வெளிச்சத்துக்கு வருகிறது.

இங்கே எமது பழக்கம் ஒன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். நாங்கள் சமாளித்துப் பழகியவர்கள். பொருளாதாரத் தடை இருந்த 1990களில் யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள். உதிரிப்பாகம் கிடையாத காலத்தில் ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் பொருத்தி ஓடியவர்கள். அது வெட்கப்படும் விடயம் அல்ல, பெருமைப்படும் விடயந்தான். ஆனால் குண்டும் குழியுமான அந்த வீதிகளில் நாம் ஓடிய வேகம் 30. இங்கே ஓடும் வேகம் 100. அதே பிழை இங்கே பதினொரு மடங்கு விசையுடன் இழுக்கும். ஊரில் சரிவந்த சமாளிப்பு இங்கே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் காரில் சரிவராது.

பாலன்ஸ் செய்தும் நடுங்குகிறதே?

பலர் எங்களிடம் சொல்வது இது. நடுங்கியதும் ரயர் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் சில்லைக் கழற்றி இயந்திரத்தில் ஏற்றி, ஈயத் துண்டோ நாகத் துண்டோ ஒட்டி, எல்லாம் பூச்சியம் என்று காட்டுகிறார். காசைக் கொடுத்து மோட்டர்வேயில் ஏறினால் பழைய நடுக்கம் அப்படியே இருக்கிறது. மறுபடி போகிறார்கள், மறுபடி காசு.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. இயந்திரம் சில்லை அதன் நடுத்துளையில் கூம்பு ஒன்றைச் செருகிப் பிடிக்கிறது. அங்கே சில்லு தன் நடுவைச் சுற்றியே சுழல்கிறது. ஆனபடியால் அங்கே சரியாகத்தான் காட்டும். காரிலோ நடுத்துளை எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது, சில்லு வேறொரு புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது. அரை மில்லிமீற்றர் விலகலை ஈடுசெய்ய றிம்மின் விளிம்பில் ஏறக்குறைய 40 கிராம் நிறை ஒட்ட வேண்டியிருக்கும். அந்த 40 கிராம் வேண்டும் என்பது இயந்திரத்துக்குத் தெரிய வழியே இல்லை.

ஆகவே பாலன்ஸ் செய்த பிறகும் ஒரே வேகத்தில் நடுங்கினால், மறுபடி பாலன்சுக்குக் காசு கொடுக்க முன்னர் நடுத்துளையைப் பாருங்கள்.

சின்ன வளையம் ஒன்று

இதற்குத் தீர்வு சுலபமானது. ஹப் விளிம்புக்கும் றிம்மின் நடுத்துளைக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்பும் வளையம் ஒன்று கடையில் உண்டு. 'ஹப் றிங்' என்று கேட்டால் கொடுப்பார்கள். பிளாஸ்ரிக்கிலும் அலுமினியத்திலும் வரும். நாலு வளையத்தின் விலை ஒரு ரயரின் விலையிலும் மிகக் குறைவு.

வளையத்தில் இரண்டு அளவுகள் இருக்கும். வெளி அளவு றிம்மின் நடுத்துளைக்குச் சரியாக இருக்கவேண்டும். உள் அளவு ஹப் விளிம்புக்குச் சரியாக இருக்கவேண்டும். புதிதாக விற்கும் அலோய் றிம்கள் பலவற்றின் நடுத்துளை 73.1 மில்லிமீற்றர். ஒரே றிம்மைப் பல காருக்கும் விற்பதற்காகத் துளையைப் பெரிதாக வெட்டி, காருக்கேற்ற வளையத்தைக் கூடக் கொடுப்பார்கள். பழைய றிம் வாங்கும்போது அந்த வளையம் முன்னைய காரிலேயே ஒட்டிக்கொண்டு போயிருக்கும். அதனால்தான் பழைய றிம்மில் இந்தக் குறை அதிகம்.

எம்மவர் வீடுகளில் அதிகம் காணும் கார்களின் ஹப் அளவுகள் இவை: ரொயோட்டா அக்குவா, மஸ்டா டெமியோ 54.1. ஹொண்டா பிற் 56.1. நிசான் ரீடா 66.1. மஸ்டா அக்செலா 67.1. இவற்றை வழிகாட்டியாக மாத்திரம் கொள்ளுங்கள். வாங்க முன்னர் வேர்னியர் அளவுகோலால் உங்கள் காரின் விளிம்பையும் றிம்மின் துளையையும் அளப்பதே முறை. ஒரே பெயரில் வந்த கார்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதுண்டு.

வளையத்தைப் பற்றிய தவறான எண்ணம் ஒன்றும் உண்டு. பிளாஸ்ரிக் வளையம் காரின் பாரத்தைத் தாங்குமா என்று சிலர் பயப்படுகிறார்கள். பாரத்தைத் தாங்குவது வளையத்தின் வேலை அல்ல. பூட்டும் நேரத்தில் சில்லை நடுவில் பிடித்துத் தருவதே அதன் வேலை. நட்டுகளைச் சரியான அளவுக்கு இறுக்கினால் ஒவ்வொரு போல்ற்றும் சில்லை ஹப் முகத்தோடு ஏறக்குறைய நாலு தொன் விசையில் அழுத்திப் பிடிக்கிறது. பாரத்தையும் பிறேக்கின் இழுவையையும் தாங்குவது அந்த அழுத்தம்தான்.

வளையம் இல்லாமலே சரியாக ஓடும் கார்களும் உண்டு. கூம்பு நட்டும் கூம்புக் குழியும் சரியாகச் சேர்ந்து, பொறுமையாக மாறி மாறிப் பூட்டினால், நட்டுகளே சில்லை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் அவசரத்தில் காற்றுத் துப்பாக்கியால் முதல் நட்டையே முழுதாக இறுக்கினால் சில்லு ஒரு பக்கம் இழுபட்டு அப்படியே நின்றுவிடும். வளையம் போட்டிருந்தால் இந்தத் தவறுக்கு இடம் குறைவு.

இத்தனை விதமான றிம் எங்கிருந்து வந்தது?

நியூசிலாந்தில் முன்னர் கார்களை உள்ளூரிலேயே பொருத்தி விற்றார்கள். தேம்ஸில் ரொயோட்டா, நெல்சனில் ஹொண்டா, பொரிருவாவில் மிற்சுபிஷி, எங்கள் ஒக்லாந்தின் விரியில் நிசான் என்று தொழிற்சாலைகள் இருந்தன. 1980களின் இறுதியில் யப்பானியப் பழைய கார்களுக்குக் கதவு திறந்தது. 1998 இல் கார் இறக்குமதித் தீர்வை முற்றாக நீக்கப்பட்டது. அந்த நாலு இடங்களிலும் கார் பொருத்தும் வேலை அதே ஆண்டில் நின்றுபோனது. அதன் பிறகு யப்பானில் ஓடிய எல்லா வகைக் கார்களும் இங்கே வந்து இறங்கின. அவற்றோடு அவற்றின் றிம்களும் வந்தன. ஆகவே கார் உடைக்கும் யார்டிலும் விளம்பரங்களிலும் மலிவாகக் கிடைப்பவை பல கார்களின் கலவை. மலிவாக வாங்குவதில் பிழையில்லை. எந்தக் காரில் இருந்து கழற்றியது என்று கேட்காமல் வாங்குவதுதான் பிழை.

வாங்க முன்னர் பார்க்கவேண்டிய நாலு

ஒன்று, துளை வட்டம். இங்கே 'பி.சி.டி.' என்று கேட்பார்கள். நாலு துளை றிம்மில் எதிரெதிர்த் துளைகளின் நடுவில் இருந்து நடுவுக்கு அளந்தால் கிடைக்கும். யப்பானியக் கார்களில் 100, 114.3 இரண்டும் அதிகம். ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் ஐந்து துளை 112. இந்த 112 ஐயும் 114.3 ஐயும் கண்ணால் பிரித்தறிய முடியாது. இரண்டு மில்லிமீற்றர்தானே என்று நட்டை இழுத்துப் பூட்டினால் போல்ற் வளையும், ஒரு நாள் முறியும். வளையம் போட்டும் இதைத் திருத்த முடியாது. துளை வட்டம் ஒத்துவராத றிம்மை வாங்கவே வேண்டாம்.

இரண்டு, நடுத்துளை. றிம்மின் துளை ஹப் விளிம்பிலும் சிறிதாக இருந்தால் ஏறாது. பெரிதாக இருந்தால் வளையம் வேண்டும்.

மூன்று, நட்டின் முகம். கூம்பு, உருண்டை, தட்டை என்று மூன்று வகை. ரொயோட்டாவின் தொழிற்சாலை அலோய் றிம்கள் பலவற்றுக்கு வாசர் வைத்த தட்டை நட்டு வரும். கடைகளில் புதிதாக விற்கும் அலோய் றிம்களில் பெரும்பாலானவை கூம்பு. றிம்மோடு அதன் நட்டையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

நாலு, மரை. ரொயோட்டா, ஹொண்டா, மஸ்டா, மிற்சுபிஷி கார்களில் பெரும்பாலும் 12 மில்லிமீற்றர் போல்ற், 1.5 மரை. நிசானிலும் சுபாறுவிலும் பெரும்பாலும் 1.25 மரை. ஒன்றின் நட்டு மற்றதில் ஒரு சுற்றுப் போகும், பிறகு இறுகும். அங்கே பலவந்தமாக இறுக்கினால் மரை அழிந்துவிடும். சரியான நட்டு விரலாலேயே ஓடவேண்டும். இறுகும் முன்னர் 1.5 மரையில் எட்டுச் சுற்றும், 1.25 மரையில் பத்துச் சுற்றும் ஓடினால் போதிய மரை பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இவற்றோடு றிம்மில் 'ஜே.டபிள்யூ.எல்.' என்ற எழுத்துகள் வார்க்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். அது யப்பானின் அலோய் றிம் தரக் குறி.

பூட்டும் முறை

சமதரையில் காரை நிறுத்தி, கைபிறேக் இழுத்து, மற்றச் சில்லுக்குக் கட்டை வையுங்கள். நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று இளக்கி, பிறகு ஜக்கில் உயர்த்துங்கள். காருக்கடியில் கையோ தலையோ போகக்கூடாது.

ஹப்பின் முகத்தையும் விளிம்பையும் கம்பித் தூரிகையால் துருப்போகத் தேய்த்துத் துடையுங்கள். ஒரு துண்டுத் துருவும் ஒரு சிறு கல்லும் சில்லைச் சரித்து உட்காரச் செய்யப் போதும். றிம்மின் உட்புறத்தையும் அவ்வாறே துடையுங்கள். வளையத்தை றிம்மின் நடுத்துளையில் அழுத்திச் செருகி, அது தட்டையாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

சில்லை ஏற்றி ஹப் முகத்தோடு முட்டத் தள்ளுங்கள். எல்லா நட்டையும் விரலால் ஓட்டுங்கள். பிறகு சாவியால் மெல்ல, ஒன்றுக்கு எதிரே மற்றது என்ற ஒழுங்கில் இறுக்குங்கள். ஐந்து நட்டு என்றால் நட்சத்திரம் போடும் ஒழுங்கு. இடையிடையே சில்லைக் கையால் சற்றுச் சுழற்றுங்கள். இந்த நேரத்தில் காரின் பாரம் சில்லில் இருக்கக்கூடாது. பாரம் ஏறினால் சில்லு இருந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும்.

இப்போது ரயர் தரையைத் தொடும் அளவுக்கு இறக்கி, ரோர்க் றென்ச்சால் முதலில் பாதி அளவுக்கும் பிறகு முழு அளவுக்கும் அதே ஒழுங்கில் இறுக்குங்கள். ரொயோட்டாவின் சிறிய கார்களுக்கு 103 நியூற்றன் மீற்றர், ஹொண்டா பிற்றுக்கு 108. உங்கள் காருக்குரிய அளவு அதன் கைந்நூலில் இருக்கும். காலால் ஏறி மிதித்து இறுக்குவது பலமல்ல, போல்ற்றை இழுத்துப் பழுதாக்குவது. மரையில் எண்ணெயோ கிறீசோ பூசவும் வேண்டாம். பூசினால் அதே அளவில் போல்ற் மேலதிகமாக இழுபடும்.

50 இலிருந்து 100 கிலோமீற்றர் ஓடிய பின்னர் மறுபடி ஒரு தடவை அதே அளவுக்குப் பாருங்கள். புது றிம்மின் நட்டு முதல் ஓட்டத்தில் சற்றுப் படிந்து இளகுவது இயல்பு. அந்தக் குடும்பம் செய்யத் தவறியது இதையுந்தான்.

நடுக்கம் சொல்லும் செய்தி

எல்லா நடுக்கத்துக்கும் காரணம் இதுவல்ல. ஸ்ரியறிங் நடுங்கினால் பெரும்பாலும் முன் சில்லு. இருக்கை நடுங்கினால் பின் சில்லு. பிறேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிறேக் தட்டைப் பாருங்கள். 30, 40 இலேயே ஆடினால் றிம் வளைந்திருக்கலாம், ரயர் உள்ளே பிரிந்திருக்கலாம், நட்டு இளகியிருக்கலாம். அப்படியானால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்துங்கள்.

றிம் வளைந்ததா என்று பார்க்க எமக்குப் பழக்கமான வழியே உண்டு. ஊரில் சைக்கிள் கடையில் நெளிவு எடுக்கும்போது சில்லைச் சுழற்றிச் சோக்கட்டியைப் பக்கத்தில் பிடிப்பார்களே, அதேதான். ஜக்கில் உயர்த்தி, சில்லைக் கையால் மெல்லச் சுழற்றி, பென்சில் ஒன்றை அசையாமல் றிம்மின் விளிம்புக்குக் கிட்டப் பிடியுங்கள். இடைவெளி மேலும் கீழும் மாறினால் சில்லு நடுவில் இல்லை, அல்லது றிம் வட்டமில்லை. பக்கவாட்டில் மாறினால் றிம் நெளிந்திருக்கிறது, அல்லது ஹப் முகத்தில் துரு இருக்கிறது. நட்டுகளை இளக்கி மறுபடி முறையாகப் பூட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

வோரண்ட் கிடைத்தால் போதுமா?

'வோரண்ட் ஒவ் பிற்னஸ்' பரிசோதனையில் நட்டு குறைந்திருந்தாலோ, றிம் வெடித்திருந்தாலோ, ரயரின் தவாளிப்பு 1.5 மில்லிமீற்றருக்குக் குறைந்தாலோ, ரயர் காரின் உடம்புக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தாலோ திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் வழக்கமாகச் சில்லைக் கழற்றி நடுத்துளையை அளப்பதில்லை. ஆகவே வோரண்ட் கிடைத்ததால் சில்லு நடுவில் இருக்கிறது என்று ஆகாது.

அகலமான றிம் போட்டால், அல்லது சில்லுக்கும் ஹப்புக்கும் இடையில் ஸ்பேசர் என்னும் தடிப்பான தட்டு வைத்தால், எல்.வி.வி. என்ற தனிச் சான்று தேவைப்படலாம். பூட்ட முன்னரே பரிசோதகரிடம் கேளுங்கள். காப்புறுதிக் கொம்பனிக்கும் றிம் மாற்றியதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்து நேரத்தில் வழக்காடவேண்டி வரும்.

கடையில் வாங்கிக் கடையிலேயே பூட்டிய றிம் இளகினால், 1993 ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. வேலையைக் கவனத்தோடும் திறமையோடும் செய்துதர அவர்கள் கடமைப்பட்டவர்கள். ரசீதை வைத்திருங்கள். ஆங்கிலம் தயக்கமானால் உங்கள் பகுதி சிற்றிசன்ஸ் அட்வைஸ் பியூரோவுக்குப் போங்கள், ஆலோசனை இலவசம். தனியாளிடம் வாங்கியதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே உங்கள் அளவுகோல்தான் உங்களுக்குச் சட்டம்.

கடைசியாக ஒன்று. மேலதிகச் சில்லு உள்ள காராக இருந்தால், அதற்குரிய பழைய நட்டுகளை ஒரு பையில் போட்டுப் பின் பெட்டியில் வையுங்கள். வழியில் ரயர் போய் அந்தச் சில்லைப் பூட்டும்போது, வளையம் ஹப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்றும் பாருங்கள். நின்றால் மேலதிகச் சில்லு முட்டப் போகாது. வளையத்தை எடுத்துவிட்டே பூட்டவேண்டும். இதை வீட்டில் கார் ஓட்டும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

அந்தக் குடும்பத்தின் றிம்கள் வீணாகவில்லை. ஹொண்டாவின் உருண்டை முக நட்டுகளும் 56.1 க்கு 54.1 வளையங்களும் வாங்கி, ஒரு சனிக்கிழமை பின்னேரம் எல்லோரும் சேர்ந்து பூட்டினோம். அப்பம்மா கதிரை போட்டு இருந்து பார்த்தார். வேலை முடிந்ததும் தகப்பன் எங்களைக் கேட்டார்:

"அண்ணை, முதலும் நாலு நட்டும் பூட்டுப்பட்டதுதானே?"

"பூட்டுப்பட்டது தம்பி. இப்பதான் சில்லு நடுவில இருக்குது."

பங்குனியில் அவர்கள் வெலிங்ரன் போய் வந்தார்கள். 100 இல் போகும்போது பின் இருக்கையில் அப்பம்மா நித்திரையாகிவிட்டாராம்.

மாங்கரே மையத்தில் இருந்து புதிதாக வெளியே வந்து முதல் காரைத் தேடும் குடும்பம் ஒன்று உங்கள் அயலிலும் இருக்கக்கூடும். அவர்கள் றிம் வாங்கப் போகும்போது நீங்களும் ஒரு அளவுகோலோடு கூடப் போங்கள்.